சூரை பிடிக்கப் போக விரும்பும் மலையடிப் பையனுக்கு

அடி அண்ணாமலையில் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு, ஆழ்கடலில் சூரை பிடிக்கும் வீடியோக்களைப் பார்த்து மயங்கிக் கிடக்கிறீர்களா? போகலாம். ஆனால் நேரே துறைமுகத்துக்குப் போய் வேலை கேட்காதீர்கள். படகுக்கு ஆள் சேர்ப்பது பெரும்பாலும் சொந்தபந்தம், ஊர்க்காரர் வழியாகத்தான். கூலியும் மாதச் சம்பளமல்ல, பங்கு. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மிஞ்சுவதில்தான் ஆட்களுக்கு; மீன் படவில்லையென்றால் வெறுங்கை. குமரி மாவட்டத் தூத்தூர்க்காரர்கள் மாதக்கணக்கில் கடலில் தங்கிச் சுறாவும் சூரையும் பிடிப்பவர்கள். அப்பனிடம் கற்ற தொழில் அது.

வெளியாளுக்கு வழி சான்றிதழ். கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய அரசின் சிஃப்நெட் பயிற்சி நிறுவனத்துக்குச் சென்னையிலும் விசாகப்பட்டினத்திலும் கிளைகள் உண்டு. படகு செலுத்த வெசல் நேவிகேட்டர், இன்ஜினுக்கு மரைன் ஃபிட்டர். இரண்டும் 2 ஆண்டுப் படிப்பு. பத்தாம் வகுப்பில் கணக்கு, அறிவியல் இரண்டிலும் தலா 40 சதவீதம் வேண்டும். வயது வரம்பை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்கள். என்னைக் கேட்டால் இன்ஜின் பிரிவு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடை; கரையில் நிற்கும் படகுகளைப் பழுது பார்க்க அப்போதுதான் ஃபிட்டரைத் தேடுவார்கள். படிப்புக்குப் பின் கடலில் வேலை செய்த காலத்தைக் காட்டினால்தான் மேட், இன்ஜின் டிரைவர் தேர்வுகளுக்கு உட்கார முடியும்.

வேலை எப்படி? ஓடும் படகின் பின்னால் தூண்டில்களை இழுத்துச் செல்லும் முறையில், இறகோ பிளாஸ்டிக் கணவாயோ கட்டிய தூண்டில்கள் நீர்ப்பரப்பை ஒட்டித் துள்ளிவரும். வேகம் 5 முதல் 8 நாட் வரை. பறவைகள் விழுந்து விழுந்து எழும் இடத்தைக் கண்டால் கூட்டத்தின் நடுவே படகை விடக் கூடாது, மீன் கலைந்துவிடும். மீன் கூட்டத்தின் ஓரமாகச் சுற்ற வேண்டும்.

காசு இருப்பது மீன் பட்ட பிறகு. சூரையின் உடம்பு கடல்நீரைவிடச் சூடானது. மல்லுக்கட்டினால் இன்னும் சூடேறும், சதை வெளுத்துப் புளிக்கும். அதனால் மீனைப் படகில் ஏற்றும் கொக்கியைத் தலையில்தான் போட வேண்டும். உடனே கொன்று, பக்கத் துடுப்புக்குப் பின்னால் கீறி, ரத்தத்தை வடித்து, செவுளும் குடலும் எடுத்து, ஐஸும் கடல்நீரும் கலந்த தொட்டியில் இறக்க வேண்டும். தாமதித்தால் ஹிஸ்டமின் கூடும்; அது சமைத்தாலும் போகாது. ஏற்றுமதிக்காரர் அந்த மீனைத் தொடமாட்டார். இதைச் சுத்தமாகச் செய்யும் கையை எந்தப் படகும் விடாது.

விண்ணப்பிக்கும் முன் புதுச்சேரிக்குப் பஸ் ஏறி, தெரிந்தவர் யாராவது வழியாக ஒரு நாள் படகில் போய் வாருங்கள். குமட்டல் முதல் நாள் எல்லோருக்கும் வரலாம், அதற்குப் பயப்படாதீர்கள். நீச்சல் தெரியாவிட்டால் மட்டும் முதலில் அதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

வேலை கிடைத்ததும் ஏறும் முன் படகுக்காரரிடம் மூன்று கேளுங்கள்: சாட்டிலைட் போன் இருக்கிறதா, ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் உண்டா, என் பெயரில் காப்பீடு எடுத்தாயிற்றா? 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது தூத்தூர்ப் பக்கத்துப் படகுகள் பல ஆழ்கடலில் இருந்தன. எச்சரிக்கை அவற்றில் இருந்த பலரை எட்டவில்லை. கேள்வியைக் கேட்டதும் முகம் சுளிக்கிறார் என்றால், அடுத்த படகைப் பாருங்கள்.