சிங்கப்பூரின் கைத்தொழிலும் கிராமச் சங்கங்களும்

சிங்கப்பூர் ஒரு சிறு தீவு. பரந்த நெல்வயல்களோ உலோகச் சுரங்கங்களோ அங்கில்லை; தண்ணீரில் ஒரு பகுதியும் அண்டை நாடான மலேசியாவின் ஜொகூரிலிருந்தே வருகிறது. 1965-ஆம் வருஷம் தனி நாடான அத்தீவு கைத்தொழிலால் செல்வம் பெற்ற விதம் சங்க அங்கத்தினர்கள் அறியத்தக்கது.

1. முன்னேற்பாடு: 1961-இல் பொருளாதார வளர்ச்சிக் கழகம் ஏற்பட்டது. ஜூரோங் என்னும் சதுப்பு நிலம் திருத்தப்பட்டு, ஆலைகளுக்கு வேண்டிய வசதிகள் அமைக்கப்பட்டன. அதனை நிதி மந்திரி கோ கெங் சுவீயின் மடமையென நகைத்தோரும் உண்டு; பின்னர் ஆலைகள் நிறைந்தன.

2. சேமிப்பு: 1955-இல் தோன்றிய மத்திய சேமநிதிக்குத் தொழிலாளியும் முதலாளியும் மாதந்தோறும் பணம் செலுத்துகின்றனர்.

3. கூட்டுறவு: 1973-இல் விலைவாசி ஏறியபோது, தொழிற்சங்கத்தார் கூட்டுறவுப் பண்டகசாலை திறந்து, அரிசி முதலியவற்றை மிதமான விலைக்கு விற்றனர்.

ஒரு குறையும் உண்டு. அயல்நாட்டுச் சந்தையையே பெரிதும் நம்பியதால், 1985-இல் வியாபாரம் குன்றியபோது பலர் வேலையிழந்தனர்.

காங்கேயம் வட்டாரத்தில் மழை சொற்பம். எனினும் கொப்பரைக் களங்களும் எண்ணெய் ஆலைகளும் பல. தேங்காயைத் தேங்காயாகவே விற்பவனுக்கு அதன் விலை மட்டுமே கிட்டும். எண்ணெய், பிண்ணாக்கு, கயிறு, தொட்டிக்கரி என மாற்றி விற்குமிடத்தில் கூலியும் லாபமும் ஊரிலேயே தங்கும். களமும் செக்கும் தனியொரு குடியானவனுக்கு எட்டாதவை. பங்குத்தொகை சேர்த்த சங்கத்துக்கு எட்டும். ஆயினும் கொப்பரை விலை சரியும் வருஷத்தைக் கருதி, லாபத்தில் ஒரு பகுதியை முன்னரே காப்புநிதியில் ஒதுக்குதல் அவசியம்.