பழைய டீஸல் லாரியில் எண்ணெய் ஏறாமை: காரணம் அறியும் முறை

மயிலாப்பூர், தியாகராயநகர் கடைகளுக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் பழைய சிறு லாரி வழியில் நின்றுவிடின், உடனே பம்பைப் பிரிக்கலாகாது. டாங்கியிலிருந்து வரிசையாய்ப் பரிசோதிக்க வேண்டும்.

1. டாங்கி மூடியைத் தளர்த்தியபின் வண்டி தடையின்றி ஓடினால், மூடியின் காற்றுத் துவாரம் அடைபட்டிருக்கிறது.

2. வடிகட்டியின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுக.

3. மேல்திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அமுக்குக. நுரை நின்று தெளிந்த டீஸல் வந்ததும் திருகை முடுக்குக. நுரை ஓயாவிடில் குழாய் இணைப்பில் காற்று புகுகிறது.

2015 டிஸம்பரில் அடையாறு பெருகியபோது சென்னையில் பல வண்டிகள் மூழ்கின. தண்ணீர் டீஸலினும் கனமானதால் டாங்கியின் அடியில் தங்கும். பம்பினுள் சென்றால் துருவேறிப் பெருஞ்செலவாகும். ஆகையால் மூழ்கிய வண்டியை, டாங்கியை வடிக்குமுன் ஓட்டலாகாது.