முத்துக்குளித்துறைக் கரையில் நாயையும் பூனையையும் பரிசோதிக்கும் முறை

நோயுற்ற நாயின் மேல் கை வைப்பதற்கு முன் மூன்று விவரங்கள் தெரிந்திருக்க வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறதா? கடந்த சில மாதங்களில் வேறு நாய் எதுவும் அதைக் கடித்ததா? அது யாரையாவது கடித்ததா? மற்ற கேள்விகள் எல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

தூத்துக்குடிக் கடற்கரையில் இந்த வரிசைக்குக் கூடுதல் காரணம் உண்டு. வேம்பாரிலிருந்து மணப்பாடு வரை கடலோர ஊர்களில் நாய்க்கும் மீன்தான் சாப்பாடு. தாடை தொங்கி, எச்சில் வடிய, தண்ணீரை விழுங்க முடியாமல் நிற்கும் நாயைக் கொண்டுவருபவர், “தொண்டையில மீன் முள்ளு சிக்கிட்டு சார், எடுத்து விடுங்க” என்றுதான் சொல்வார். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் தொங்கும் தாடையும் விழுங்க முடியாமையும் வெறிநோயின் ஊமை வடிவத்துக்கும் உரிய அடையாளங்கள். முள் சிக்கிய நாய் பெரும்பாலும் முன்காலால் வாயைப் பிறாண்டும், ஓங்கரிக்கும், தாடையை மூடித் திறக்கும். வெறிநோயில் தாடைத் தசை செயலிழப்பதால் வாய் திறந்தபடியே கிடக்கும், குரலும் மாறலாம். இந்த வேறுபாட்டை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. தடுப்பூசி போட்டதற்குச் சான்று இல்லாத நாயின் வாய்க்குள் வெறுங்கையை விடவே கூடாது. சந்தேகம் வந்தால் அதைத் தனியே அடைத்து, கையாண்டவர்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டு, மூத்த மருத்துவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

எச்சில் பட்ட காயத்தை உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். தையல், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். நேராக அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். முன்கூட்டியே 0, 7, 21 அல்லது 28ஆம் நாள் என மூன்று ஊசி போட்டுக்கொண்ட கால்நடை மருத்துவ மாணவருக்குக் கடிபட்ட பிறகு 0, 3ஆம் நாட்களில் இரண்டு ஊசி போதும்.

எட்ட நின்று பார்ப்பது

நாய் வாசலில் நுழையும்போதே பரிசோதனை தொடங்கிவிடுகிறது. எந்தக் காலை ஊன்றத் தயங்குகிறது, தலை ஒருபக்கம் சாய்கிறதா, மூச்சுக்கு வயிறு ஏறி இறங்குகிறதா, ஆளைப் பார்த்து வாலாட்டுகிறதா என்பதெல்லாம் மேசையில் ஏற்றிப் பிடித்துவிட்டால் மறைந்துபோகும். மூச்சை இந்த நேரத்தில்தான் எண்ண வேண்டும். அமைதியாக இருக்கும் நாய்க்கு நிமிடத்துக்கு 10 முதல் 30 வரை, பூனைக்கு 20 முதல் 30 வரை இயல்பு. நாய் வாய் திறந்து இரைப்பது சூட்டைத் தணிக்க. பூனை வாய் திறந்து மூச்சுவிட்டால் அவசரம் என்றே கொள்ள வேண்டும்.

விவரம் கேட்கும்போது “என்ன சாப்பிட்டது” என்று மட்டும் கேட்டால் “ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்கு” என்ற பதிலோடு முடிந்துவிடும். நேற்று எங்கே அலைந்தது, கடற்கரைக்குப் போனதா, மீன் ஏலம் விடும் இடத்தில் கிடந்ததா, உப்பளப் பக்கம் போனதா, வீட்டில் மனிதர் மாத்திரை எதையாவது கொடுத்தார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். கடைசிக் கேள்வியை, திட்டுவது போல் இல்லாமல் கேட்டால்தான் உண்மை வரும்.

மூக்கிலிருந்து வால் வரை

எந்த நோய் என்று தோன்றினாலும் பரிசோதனை வரிசையை மாற்றக் கூடாது. கண்ணில் பட்ட புண்ணிலேயே நின்றுவிட்டு, வயிற்றில் இருந்த கட்டியைத் தொடாமலே அனுப்பிவிடுவதுதான் புதிய மாணவர்களிடம் அதிகம் காணப்படும் பிழை. மூக்கு, கண், காது, வாய், கழுத்து, மார்பு, வயிறு, பிறப்புறுப்பு, கால்கள், தோல், வால் என்று ஒரே தடத்தில் கை போக வேண்டும். நாயில் வெப்பநிலையை நாடிக்கு முன்னோ பின்னோ பார்க்கலாம். பூனையில் அதைக் கடைசிக்கு வைப்பது நல்லது, ஏனெனில் தெர்மாமீட்டரைக் கண்டபின் பூனை வேறு எதற்கும் ஒத்துழைக்காது. இரண்டுக்கும் ஏறக்குறைய 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் இயல்பு.

ஈறு ஒரு நொடியில் நிறையச் சொல்லும். விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் 2 நொடிக்குள் சிவக்க வேண்டும். அதற்கு மேலானால் ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது. வெளிறல் ரத்தச்சோகையையும் அதிர்ச்சி நிலையையும் காட்டும். மஞ்சள் கல்லீரல் கோளாறையோ ரத்த அணுச் சிதைவையோ காட்டும், நீலம் பிராணவாயுக் குறைவைக் காட்டும். நம் நாட்டு நாய்கள் பலவற்றுக்கு ஈறே கறுப்பாக இருக்கும். அப்போது கீழ் இமையை மெல்ல இழுத்து உட்புறத்தைப் பார்க்க வேண்டும்.

நாடியைப் பின்தொடையின் உட்புறத்தில் தொட வேண்டும். ஒரு கை நாடியிலும் ஸ்டெதஸ்கோப் மார்பிலும் இருக்க, ஒவ்வொரு இதயத்துடிப்புக்கும் ஒரு நாடி வருகிறதா என்று சேர்த்துக் கவனிக்க வேண்டும். பெரிய நாய்க்கு 60 முதல் 100, சிறிய நாய்க்கு 140 வரை, மருத்துவமனைக்கு வந்த பயத்தில் இருக்கும் பூனைக்கு 140 முதல் 220 வரை. தாடைக்கடியிலும் தோளுக்கு முன்னும் முழங்காலுக்குப் பின்னும் நிணநீர்க் கணுக்களைத் தடவிப் பார்க்க வேண்டும். எல்லாமே பெருத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலும் புற்றுநோயும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வர வேண்டும்.

உடல் மெலிவை மதிப்பிடும்போது கோவில்பட்டிப் பக்கத்துக் கன்னி, சிப்பிப்பாறை நாய்களிடம் எச்சரிக்கை தேவை. வேட்டைக்கு ஓடப் பிறந்த இந்த நாய்களுக்கு விலா எலும்பு லேசாகத் தெரிவது உடல்வாகு, பட்டினி அல்ல. கொழுப்பு குறைந்த இதே உடல்வாகுள்ள கிரேஹவுண்டு நாய்கள் தயோபென்டோன் மயக்கத்திலிருந்து எழ நெடுநேரம் எடுக்கும். ஆகவே கன்னிக்கும் சிப்பிப்பாறைக்கும் அந்த மருந்தைத் தவிர்ப்பதே பாதுகாப்பு.

கடலும் உப்பளமும் தரும் கேடுகள்

தூண்டில் முள் உதட்டில் மட்டும் குத்தியிருந்தால், வந்த வழியே பின்னுக்கு இழுக்கக் கூடாது. வலி குறைக்கும் மருந்தும் தேவையான அளவு மயக்கமும் கொடுத்து, முள்ளை முன்னோக்கித் தள்ளிக் கூர்முனையை வெளியே எடுத்து, எதிர்க்கொக்கியை வெட்டிவிட்டு, மீதியைப் பின்னால் உருவ வேண்டும். விழுங்கிவிட்டால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வாயிலோ ஆசனவாயிலோ தூண்டில் நரம்பு தொங்கினால் இழுக்கவே கூடாது. இழுத்தால் குடல் சுருக்குப்பை போலச் சுருங்கி, நரம்பு குடலை அறுத்துவிடும். வாய்ப்பக்கம் தொங்கும் நரம்பைக் குட்டையாக வெட்டவும் கூடாது, அறுவை செய்பவருக்கு அது வழிகாட்டும். பூனையில் நூல் பெரும்பாலும் நாக்கின் அடியில் சுற்றிக்கொள்ளும். வாயைத் திறந்து, தாடை எலும்புகளுக்கு இடையே வெளியிலிருந்து கட்டைவிரலால் மேல்நோக்கி அழுத்தினால் நாக்கு உயர்ந்து அடிப்பகுதி தெரியும். வாந்தி எடுக்கும் ஒவ்வொரு பூனைக்கும் இதைச் செய்ய வேண்டும்.

வலையில் வந்த பேத்தை மீனை மீனவர்கள் கரையில் எறிந்துவிடுவார்கள், நாய் தின்றுவிடும். அதிலுள்ள டெட்ரோடோடாக்சின் நரம்பைச் செயலிழக்கச் செய்கிறது. சமைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. முதலில் எச்சிலும் வாந்தியும், பிறகு தள்ளாட்டம், பிறகு தளர்ந்த பக்கவாதம், கடைசியில் மூச்சுத் தசைகள் நின்றுபோதல். நாய்க்கு உணர்வு இருக்கும், அசைய மட்டும் முடியாது. மாற்று மருந்து இல்லை. தின்று சற்று நேரமே ஆகி, நாய் தெளிவாக இருந்தால் மருத்துவர் முன்னிலையில் வாந்தி எடுக்கவைக்கலாம். தளர்ச்சி தொடங்கிவிட்டால் கூடாது, வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். அப்புறம் செயற்கைச் சுவாசம்தான் உயிரைப் பிடித்து வைக்கும். கட்டுவிரியன் கடியும் நல்லபாம்புக் கடியும் இதே தோற்றம் தரும் என்பதால் கடிவாயைத் தேட வேண்டும். கண்ணாடி விரியன் கடித்தால் வீக்கமும் ரத்தக் கசிவும் முன்னால் நிற்கும். சுத்தமான கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்த ரத்தம் உறையவில்லை என்றால் பாம்புக்கடி நஞ்சுமுறி மருந்தைத் தாமதிக்கக் கூடாது.

கோடையில் தாகத்துக்குக் கடல்நீரையோ உப்பளப் பாத்தி நீரையோ குடித்த நாய்க்கு ரத்தத்தில் சோடியம் ஏறும். வாந்தி, கழிச்சல், தள்ளாட்டம், வலிப்பு வரும். குடித்து எத்தனை நேரம் ஆயிற்று என்று தெரியாவிட்டால் சோடியத்தை மணிக்கு 0.5 மில்லிஈக்விவலென்டுக்கு மேல் இறக்கக் கூடாது. வேகமாக இறக்கினால் மூளை வீங்கும். இதே வெயில் உடல் சூட்டை 106 டிகிரிக்கு ஏற்றியிருந்தால் முதல் வேலை குழாய்த் தண்ணீரை ஊற்றி மின்விசிறியைப் போடுவது. 103 டிகிரியை எட்டியதும் குளிர்விப்பதை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் வெப்பம் இயல்புக்கும் கீழே போய்விடும்.

உண்ணியும் மழையும்

பழுப்பு நாய் உண்ணி இங்கே ஆண்டு முழுதும் உண்டு. காதுமடலின் உட்புறம், விரல் இடுக்கு, கழுத்துப்பட்டையின் அடி ஆகிய மூன்று இடங்களைப் பார்க்காமல் ‘உண்ணி இல்லை’ என்று எழுதக் கூடாது. காய்ச்சல், சோர்வு, வெளிறிய ஈறு, வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள், மூக்கில் ரத்தம் என்றால் எர்லிக்கியாவும் பபீசியாவும் முதலில் நிற்கும். காது நுனியில் எடுத்த ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிதாக இழுத்து, ஜீம்சா சாயமிட்டுப் பார்க்க வேண்டும். கிருமி தெரியாததால் நோய் இல்லை என்று ஆகாது, எர்லிக்கியா தகட்டில் எளிதில் அகப்படாது. ரத்தத் தட்டணுக் குறைவும் அடையாளங்களும் பொருந்தினால் டாக்ஸிசைக்ளின் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம், 28 நாள். மூன்றாம் நாளே நாய் துள்ளும், வீட்டார் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். 28 நாள் என்பதைச் சீட்டில் கொட்டை எழுத்தில் எழுத வேண்டும்.

வடகிழக்குப் பருவமழையில் எலிக்காய்ச்சலை மறக்கக் கூடாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எலி மூத்திரம் கலந்த தேங்கிய நீரில் நடக்கும் நாய்க்கு லெப்டோஸ்பைரா தொற்றும். காய்ச்சல், வாந்தி, மஞ்சள் ஈறு, மூத்திரம் குறைதல் சேர்ந்து வந்தால் கையுறை இல்லாமல் தொடக் கூடாது, அதன் மூத்திரம் மனிதருக்கும் நோயைக் கொடுக்கும்.

தடுப்பூசி போடாத குட்டி ரத்தக் கழிச்சலோடு வந்தால் பார்வோ என்று கருதிப் பொது மேசைக்கு அருகே கொண்டுவராமல் தனி இடத்தில் பார்க்க வேண்டும்.

பூனை சிறிய நாய் அல்ல

காய்ச்சலுக்கு மனிதர் விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். ஈறு பழுப்பாகி, முகமும் பாதமும் வீங்கி வந்தால் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். முறிவு மருந்து அசிட்டைல்சிஸ்டைன். நாய்க்கு உண்ணி போக்கும் பெர்மெத்ரின் மருந்தும் பூனைக்கு நஞ்சு.

“ரெண்டு நாளா முக்குது, மலச்சிக்கல்” என்று ஒரு கடுவன் பூனையைக் கொண்டுவந்தால் உடனே அடிவயிற்றைத் தொட வேண்டும். எலுமிச்சம்பழம் போலக் கெட்டியாக, அழுத்தினாலும் குறையாத உருண்டை கையில் பட்டால் அது நிறைந்த மூத்திரப்பை, அடைப்பு மூத்திரக் குழாயில். பலமாக அழுத்தினால் உடையும். பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பு 140க்குக் கீழே இறங்கிய பூனைக்குச் சில மணி நேரமே மிச்சம். பச்சைச் சாளையும் நெத்திலியுமே உணவாகக் கிடைக்கும் பூனைக்கு இன்னொரு குறை வரும். அம்மீன்களிலுள்ள தையமினேஸ் என்ற நொதி தையமின் வைட்டமினை அழித்துவிடும். கழுத்து மார்பை நோக்கி வளைந்து, கண்மணி விரிந்து, சுற்றிச் சுற்றி நடக்கும். தையமின் ஊசி போட வேண்டும், இனி மீனை வேகவைத்துக் கொடுக்கச் சொல்ல வேண்டும்.

டிரிப் கணக்கு

தோலைத் தூக்கி விட்டால் மெதுவாகத் திரும்புவதும், ஈறு ஒட்டுவதும் 5 முதல் 8 சதவீத நீரிழப்பு. கண் குழிந்து, தோல் அப்படியே நின்றால் 10க்கு மேல். எடையை நீரிழப்புச் சதவீதத்தால் பெருக்கி, பத்தால் பெருக்கினால் குறை மில்லிலிட்டரில் வரும். 10 கிலோ நாய், 8 சதவீதம் என்றால் 800 மில்லி. அன்றாடத் தேவை கிலோவுக்கு 50 என்று 500 மில்லி. மொத்தம் 1300. இதை 24 மணி நேரத்தில் ஏற்ற மணிக்கு 54 மில்லி, அதாவது மில்லிக்கு 20 சொட்டு விழும் செட்டில் நிமிடத்துக்கு 18 சொட்டு. வாந்தியிலும் கழிச்சலிலும் போவதைத் தனியே சேர்க்க வேண்டும். அதிர்ச்சி நிலையில் இந்தக் கணக்குக்குக் காத்திராமல் நாய்க்குக் கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி, பூனைக்கு 5 முதல் 10 மில்லி என 15 முதல் 20 நிமிடத்தில் ஏற்றிவிட்டு, ஈறையும் நாடியையும் திரும்பப் பார்க்க வேண்டும். பூனையின் நுரையீரலில் நீர் எளிதில் கோக்கும், அதன் மூச்சை எண்ணியபடியே இருக்க வேண்டும்.

மேல்சிகிச்சைக்கு

தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி இராமையன்பட்டியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குச் சுமார் 50 கிலோமீட்டர். அனுப்பும்போது எடை, வெப்பநிலை, ஈறின் நிறம், கொடுத்த மருந்து, அளவு, கொடுத்த நேரம் ஆகியவற்றைச் சீட்டில் எழுதி, சாயமிடாத ரத்தத் தகடு ஒன்றையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இவை இல்லாமல் போகும் நாய்க்கு அங்கே எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.