கோப்புக்குப் பூட்டு உண்டா?



2004 டிசம்பர் 26 சுனாமியில் நம் காரைக்கால் கடலோரத்தில் வீட்டோடு சேர்ந்து பத்திரமும் ரேஷன் கார்டும் போனது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இப்போது காகிதங்களை ஸ்கேன் செய்து வைத்துக்கொள்கிறோம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். அதனால் அப்பாவின் ஆதார் முதல் வளைகுடாவில் இருக்கும் மாமாவின் பாஸ்போர்ட் வரை எல்லாம் என் பென் டிரைவில்தான். "தம்பி பாத்துக்குவான்" என்று விட்டுவிட்டார்கள். உங்களில் பலர் வீட்டிலும் இதே கதைதான். மாங்கனித் திருவிழாக் கூட்டத்தில் அந்தப் பென் டிரைவ் தவறி விழுந்தால்?

விண்டோஸ் பாஸ்வேர்டு போதாதா?

போதாது. அது வாசல் தாழ்ப்பாள் மட்டுமே. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறு கணிப்பொறியில் மாட்டினால், மறையாக்கம் செய்யாத கோப்புகள் அப்படியே திறக்கும். பென் டிரைவுக்கோ அந்தத் தாழ்ப்பாளும் கிடையாது. என்கிரிப்ஷன் எனப்படும் மறையாக்கம், கோப்பின் உள்ளடக்கத்தையே உருத்தெரியாமல் மாற்றிவிடும்.

எப்படி நடக்கிறது?

நாம் கொடுக்கும் பாஸ்வேர்டை மென்பொருள் மாவு அரைப்பதுபோல் திரும்பத் திரும்ப அரைத்து 256 பிட் சாவியாக்குகிறது. 'செவன் ஜிப்' என்ற இலவச மென்பொருள் 5 லட்சம் தடவைக்கு மேல் அரைக்கிறது. நமக்கு அது கண் சிமிட்டும் நேரம். ஆனால் ஊகித்துப் பார்க்கும் திருடன், ஒவ்வொரு ஊகத்துக்கும் அத்தனை தடவை அரைத்தாக வேண்டும்! அந்தச் சாவியால் கோப்பைப் பூட்டும் முறை ஏ.இ.எஸ். பெல்ஜியத்தைச் சேர்ந்த டேமன், ரைமன் என்ற இருவர் வகுத்தது; 2001-இல் அமெரிக்கா தரமாக ஏற்றது. முறை ஊரறிந்தது, சாவி மட்டுமே ரகசியம். 1883-இல், காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலத்தில், கெர்க்காஃப்ஸ் என்பவர் பிரெஞ்சு ராணுவ இதழில் எழுதிய கொள்கை இதுவே.

ஆதார் தரும் பாடம்

இணையத்தில் இறக்கும் ஆதார் கோப்புக்கு பாஸ்வேர்டு உண்டு: ஆங்கிலத்தில் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும். நினைவில் வைக்க எளிதுதான். ஆனால் பெயர் தெரிந்தவனுக்குப் பாக்கி இருப்பது வருடம் மட்டுமே. நூறு முயற்சிக்குள் திறந்துவிடும். பூட்டு எவ்வளவு பலமானாலும், சாவியை வாசற்படியில் வைத்தால் என்ன பயன்?

நான்கு இலக்க எண் என்றால் 10,000 வாய்ப்புதான். எட்டுச் சின்ன எழுத்துகளைக் கண்டபடி போட்டால் 20,000 கோடிக்கு மேல். அதைவிட நல்லது, சம்பந்தமில்லாத ஐந்தாறு சொற்களை ஆங்கில எழுத்தில் கோப்பது: நண்டு, ஏணி, தபால், பம்பரம், உப்பு, ஜன்னல் என்பதுபோல. (இது அச்சாகிவிட்டது, நீங்கள் வேறு யோசியுங்கள்!)

செய்முறை

1. கோப்புகளை ஒரே ஃபோல்டரில் போட்டு, ரைட் கிளிக் செய்து, செவன் ஜிப்பில் 'ஆட் டு ஆர்க்கைவ்' தேர்ந்தெடுக்கவும். வகை '7இஸட்'.

2. பாஸ்வேர்டை இரண்டு முறை தந்து, 'என்கிரிப்ட் ஃபைல் நேம்ஸ்' டிக் செய்யவும். இல்லாவிட்டால் கோப்புகளின் பெயர்கள் வெளியே தெரியும்.

3. திறந்து சரிபார்த்த பிறகு, பூட்டாத பழைய கோப்பை அழிக்கவும். பலர் மறப்பது இதைத்தான்.

4. பூட்டிய கோப்பின் நகல் ஒன்றை வேறு ஊரிலோ இணையத்திலோ வைக்கவும்.

5. பிரவுசிங் சென்டரில் இதைத் திறக்காதீர்கள். தட்டும் எழுத்துகளைப் பதிவு செய்யும் மென்பொருள் அங்கே இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: இங்கே 'ஃபர்காட் பாஸ்வேர்டு' கிடையாது. மறந்தால் மென்பொருள் செய்தவராலும் திறக்க முடியாது. ஆகவே ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பீரோவில் வைத்து, நம்பிக்கையான ஒருவருக்கு இடத்தைச் சொல்லிவிடுங்கள்.

நம்மை நம்பித் தந்த காகிதங்கள் அவை. நாம் படித்த படிப்பு முதலில் நம் வீட்டுக்குக் காவலாக நிற்கட்டும்.