சார்பு கற்பிக்க ஆசிரியர் ஆயத்தமாவது எப்படி?

தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘உறவுகளும் சார்புகளும்’ பத்தாம் வகுப்பில்தான் வருகிறது. ஆனால் அதற்கான விதை நடுநிலை வகுப்புகளிலேயே விழுந்துவிடுகிறது. பாடம் தெரிந்திருப்பது வேறு, அதைக் கற்பிக்கத் தெரிந்திருப்பது வேறு. இந்த இரண்டாவது அறிவைத் தனியாகப் பேச வேண்டும் என்று லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1986இல் வலியுறுத்தினார். அந்த அறிவைச் சேர்த்துக்கொள்ள ஐந்து படிகள்:

1. கணக்கை நீங்களே பல வழியில் போட்டுப் பாருங்கள். தீக்குச்சிகளால் சதுரங்களை வரிசையாக ஒட்டி அடுக்குங்கள். ஒரு சதுரத்துக்கு 4 குச்சி, இரண்டுக்கு 7, மூன்றுக்கு 10. “முதலில் ஒரு குச்சி, பிறகு சதுரத்துக்கு மூன்று” என்பாள் ஒரு மாணவி. “முதல் சதுரத்துக்கு நாலு, மற்றதுக்கெல்லாம் மூணு” என்பான் இன்னொருவன். மேலே, கீழே, நிற்பவை என்று பிரித்து எண்ணுபவரும் உண்டு. மூன்றும் சரி. ‘மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டு’ என்ற ஒரே விதியில் மூன்றும் வந்து சேர்வதைக் கரும்பலகையில் உடனே காட்ட உங்களால் முடிய வேண்டும்.

2. எங்கே தடுக்குவார்கள் என்று குறித்து வையுங்கள். “ஒன்றுக்கு 4, அப்போ பத்துக்கு 40” என்ற விடை கட்டாயம் வரும். அடித்துவிடாமல் இரண்டு சதுரங்களை அடுக்கி எண்ணச் சொல்லுங்கள். பொதுப் பக்கம் தானே கண்ணில் படும். “மூணு மூணா கூடுது” என்பதோடு நிற்பவரிடம் 100 சதுரங்களுக்குக் கேளுங்கள். விதியின் தேவை அங்கேதான் புரியும்.

3. ஒரே சார்பை நான்கு வடிவில் காட்டுங்கள்: சொல், அட்டவணை, விதி, வரைபடம். ஒவ்வொன்றிலும் ‘3 எங்கே இருக்கிறது?’ என்று கேளுங்கள். அட்டவணையில் அது கூடும் அளவு. விதியில் பெருக்கும் எண். வரைபடத்தில் ஓர் அலகு வலப்புறம் நகர்ந்தால் மூன்று அலகு ஏறுவது. இங்கே புள்ளிகளைக் கோட்டால் இணைக்க வேண்டாம். இரண்டரைச் சதுரம் என்று ஒன்று இல்லை.

4. சூத்திரம் இல்லாத சார்பையும் கொடுங்கள். மாணவருக்கு எதிரே அவர் பிறந்த மாதம்: ஒருவருக்கு ஒரே மாதம்தான், ஆகவே சார்பு. இருவர் ஒரே மாதத்தில் பிறந்திருந்தாலும் பாதகமில்லை. திருப்பி எழுதினால் ஒரு மாதத்துக்குப் பலர் வருவார்கள். அது சார்பு அல்ல.

5. வரைபடம் படமல்ல என்று உணர்த்துங்கள். சைக்கிளில் பள்ளிக்கு வருபவரின் நேரம்–தூர வரைபடத்தில் கிடைக்கோட்டைக் காட்டினால், பலர் “சமதளமான ரோடு” என்பார்கள். நேரம் ஓடுகிறது, தூரம் மாறவில்லை, அவர் நின்றிருக்கிறார். இதை அவர்களே கண்டுபிடிக்கும்வரை விடையைச் சொல்லாதீர்கள்.

பாடம் முடிந்ததும் ஒரு துண்டுத்தாளில், ‘விதியில் உள்ள 1 எந்தக் குச்சி?’ என்று எழுதி வாங்குங்கள். மறுநாள் பாடத்தை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை அந்த விடைகளே சொல்லும்.