கடைசியில் கோடிங்தானே என்பவர்களுக்கு

கவுன்சிலிங் நெருங்கினால் தென்காசியில் ஒரே பேச்சுதான். "ஈசிஇ எடுத்தா என்ன சார், கடைசியில கோடிங்தானே எழுதப் போறான்? நேரா சிஎஸ்சியே எடுத்துரலாம்லா? மத்தளம்பாறையைப் பாருங்க!" பெற்றோர் சொல்கிறார்கள், டீக்கடையில் அண்ணாச்சிமார் சொல்கிறார்கள், ஈசிஇ படித்துவிட்டு ஐடிக்குப் போனவர்களே சொல்கிறார்கள். நாலாம் செமஸ்டரில் கம்யூனிகேஷன் சிஸ்டம்ஸ் வகுப்புக்கு வரும் பிள்ளை, பாடம் தொடங்கும் முன்பே அதைக் கைகழுவிவிட்டு வந்து உட்காருகிறது. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

சரி, மத்தளம்பாறையையே பார்ப்போம். அங்கே ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தைக் கொண்டுவந்த ஸ்ரீதர் வேம்பு என்ன படித்தவர் என்று இவர்களில் யாராவது விசாரித்ததுண்டா? சென்னை ஐஐடியில் எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங். பிறகு பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம். அடுத்து குவால்காம் நிறுவனத்தில் வயர்லெஸ் வேலை. செர்ஜியோ வெர்டூ, யோசெஃப் ஸ்டைன்பெர்க் ஆகியோருடன் அவர் எழுதிய கட்டுரை 1995இல் தகவல் கோட்பாட்டுக்கான ஐஇஇஇ ஆய்விதழில் வந்தது. உதவாது என்று நீங்கள் ஒதுக்கும் பாடத்தின் நடுநெஞ்சில் இருக்கும் தேற்றம் ஒன்றைப் பற்றியது அது.

தேற்றம் 1948இல் கிளாட் ஷானன் தந்தது. தகவலை முதலில் சுருக்கு, பிறகு வழியில் கெடாதபடி அதற்குக் காப்பு சேர். இரண்டையும் தனித்தனியாகச் செய்தாலும் நட்டமில்லை என்று அவர் காட்டினார். இது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதைத்தான் வேம்புவும் மற்றவர்களும் ஆராய்ந்தார்கள். வாட்ஸ்அப்பில் போகும் போட்டோ சுருங்குவது முதல் வேலை. அது காற்றில் கிளம்பும் முன் பிழைதிருத்தும் குறியீடு சேர்வது இரண்டாவது. 5ஜியில் தரவுக்கு எல்டிபிசி குறியீடு, கட்டுப்பாட்டுச் செய்திகளுக்குப் போலார் குறியீடு. இவற்றை இயக்கும் மென்பொருளையும் யாரோ உட்கார்ந்து எழுதத்தான் வேண்டும். அதற்கு சி மொழி மட்டும் போதாது, நிகழ்தகவு தெரிய வேண்டும். கம்யூனிகேஷன் படித்தவனுக்குக் கோடிங் சொல்லிக்கொடுப்பது எளிது. கோடிங் மட்டும் தெரிந்தவனுக்கு மோடம் வடிவமைக்கச் சொல்லிக்கொடுப்பது எவ்வளவு கடினம் என்று முயன்று பாருங்கள், தெரியும்.

"வேலை எங்கே சார்?" என்பார்கள். 2022இல் தொடங்கிவைக்கப்பட்ட 5ஜி சோதனைத் தளத்துக்குத் தலைமை ஏற்றது சென்னை ஐஐடி. பிஎஸ்என்எல் 4ஜிக்கு மையப் பகுதியை சி-டாட்டும் ரேடியோ கருவிகளைத் தேஜஸ் நெட்வொர்க்ஸும் தர, டிசிஎஸ் ஒருங்கிணைத்தது. 2025 செப்டம்பரில் நாடு முழுக்கத் தொடங்கிவைத்தார்கள். கம்யூனிகேஷன் படித்தவர்கள் இல்லாமலா இதெல்லாம் நடந்தது?

இந்தத் துறையைப் பற்றி ஊரில் உலவும் மற்ற கதைகளுக்கு இவ்வளவு நேரம் தர வேண்டியதில்லை. சாரல் விழுந்தால் செல்போன் சிக்னல் கரைந்துவிடும் என்பது தவறு. 900 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 33 சென்டிமீட்டர். சில மில்லிமீட்டர் மழைத்துளி அதை ஒன்றும் செய்யாது. டிடிஎச் அலை சுமார் இரண்டரை சென்டிமீட்டர் என்பதால் அதைத்தான் கனமழை தடுக்கிறது. சீசனில் குற்றாலத்தில் சிக்னல் முழுதாகக் காட்டியும் நெட் வராதது கம்பெனியின் சதியும் அல்ல. அருவிக்கரையில் கூடும் அத்தனை பேரும் ஒரே டவரின் அலைவரிசையைப் பங்குபோடுகிறார்கள், அவ்வளவுதான். கணக்கு வராதவனுக்கு இந்தப் பாடம் வராது என்பது பாதி உண்மை. மூன்றாம் செமஸ்டரில் சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸை மனப்பாடம் செய்து தப்பித்தவனுக்குத்தான் வராது.

புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. மலைமேல் பெய்த மழை, கீழே குளித்தவர்களுக்குத் தெரியவில்லை. அவர்களை முன்கூட்டியே எச்சரிப்பது நம் துறையின் வேலை. மேலே ஒரு மழைமானி, ஒரு நீர்மட்ட உணரி, 865 மெகாஹெர்ட்ஸில் லைசென்ஸ் தேவைப்படாத லோரா ரேடியோ, கீழே ஒரு சைரன். சிக்னலைவிட இரைச்சல் 100 மடங்கு இருந்தாலும் லோராவின் மிக மெதுவான அமைப்பு செய்தியைப் பிரித்தெடுத்துவிடும். அதற்கு விலையாக வேகம் வினாடிக்கு 300 பிட்டுக்கும் கீழே இறங்கும். நீர்மட்டத்தைச் சொல்ல அது தாராளம். நனைந்த காடு எவ்வளவு விழுங்கும், பாறை முகடு மறைத்தால் ரிலே எங்கே வைப்பது, மேகம் மூடிய நாட்களில் பேட்டரி எத்தனை நாள் தாங்கும்? பாடத்திட்டத்தில் வரும் அத்தனை தலைப்பும் இந்த ஒரு மலைக்குள் இருக்கிறது. குப்பைக்குப் போகும் அட்டைப்பெட்டி புராஜெக்டுகளை விலைக்கு வாங்கி மதிப்பெண் பெறுவதை விட்டு, நம் கல்லூரிகள் இதைச் செய்யச் சொல்ல வேண்டும். சிக்னல் கீழே வந்து சேருமா என்று பார்க்கும் லிங்க் பட்ஜெட் கணக்கை மூன்றாம் செமஸ்டர் விடுமுறையிலேயே போட்டுவிடலாம். கருவி வைக்க வனத்துறை அனுமதி வேண்டும். அந்தக் கடிதத்தைத் துறைத்தலைவர்கள் இந்த வாரமே எழுதட்டும்.