வேடந்தாங்கலுக்குப் பிள்ளைகளோடு

வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்துக்கு டிசம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் போவது நல்லது. ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். மழை பொய்த்த ஆண்டில் பறவைகள் அதிகம் தங்குவதில்லை. மாலை நான்கு மணிக்குப் பிறகு இரை தேடப் போனவை கூட்டம் கூட்டமாகத் திரும்பும். அந்த நேரத்தைத் தவறவிடாதீர்கள். பளிச்சென்ற சட்டை வேண்டாம், பச்சையோ மண் நிறமோ போதும். தொப்பி, தண்ணீர், இரவல் வாங்கியாவது ஒரு பைனாகுலர்.

பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். நோட்டும் பென்சிலும் கொடுத்து அலகை மட்டும் வரையச் சொல்லுங்கள். கரண்டிவாயனுக்குத் தட்டையான அலகு, அரிவாள்மூக்கனுக்கு வளைந்தது, கூழைக்கடாவுக்கு அடியில் பை. நத்தைகுத்தி நாரையின் அலகுக்கு நடுவே இடைவெளி இருக்கும். அது ஏன் என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பதிலை நீங்களே சொல்லிவிடாதீர்கள்.

வீடு திரும்பியதும் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, பட்டாணி, நூல் துண்டு, சிறு கூழாங்கல் போடுங்கள். கரண்டி, இடுக்கி, வடிகட்டி மூன்றையும் அலகுகளாகக் கொடுத்து எது எதை எளிதாக எடுக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். எந்த அலகு எந்த இரைக்கு என்பது தானே புரியும். மிகச் சின்னக் குழந்தை இருந்தால் கூழாங்கல்லும் பட்டாணியும் வேண்டாம், வாயில் போட்டுவிடும். பெரிய இலைத் துண்டுகளை மிதக்கவிடுங்கள்.